அம்மாவுக்குக் கிடைத்த ‘வார்த்தை’: சபை அறிந்தே பொய் சொல்லலாமா?

வேலியோரம் (இழையைத் தொடங்கியவர்)

எங்கள் வளவை ஊரில் இன்றும் ‘வேதக்காரர் வளவு’ என்றுதான் சொல்வார்கள். நான்கு தலைமுறையாக மிஷன் குடும்பம். அப்பா ஆசிரியர், திருச்சபைக்குப் பல வருடங்கள் கணக்குப் பார்த்தவர். நான் ஒன்பது வருடம் ஞாயிறு பாடசாலையில் படிப்பித்தேன். இப்பொழுது எனக்கு 47 வயது. விசுவாசம் இல்லை. மனைவியைத் தவிர யாரிடமும் இதைச் சொன்னதில்லை. எழுதி அழித்து, எழுதி அழித்து மூன்று இரவுகள் போய்விட்டன.

போர்தான் காரணம் என்று நினைப்பீர்கள். அப்படியில்லை. 2009 ஏப்ரலில் தம்பி முள்ளிவாய்க்கால் பக்கம் காணாமற்போனான். அதற்குப் பிறகும் நான் செபம் செய்தேன். கடவுளோடு சண்டை பிடித்தேன். சண்டை பிடிப்பதற்கும் எதிரில் ஒருவர் இருக்க வேண்டும். அன்று எனக்கு அவர் இருந்தார்.

2011இல் அம்மா எங்கள் பழைய கோயிலை விட்டு, போருக்குப் பிறகு வந்த ஒரு சபைக்குப் போகத் தொடங்கினார். தகரக் கூரை போட்ட மண்டபம். மூன்றாவது கிழமையே பாஸ்டர் அம்மாவின் தலையில் கை வைத்து, “உன் மகன் உயிரோடு இருக்கிறான், அடைத்த கதவுகளுக்குள் இருக்கிறான், கர்த்தர் அவனைத் திரும்பக் கொண்டுவருவார்” என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு நத்தாருக்கும் அம்மா தம்பிக்கு ஒரு சாரமும் ஒரு சேட்டும் வாங்கி அலுமாரியில் வைத்தார். 2024 மார்ச்சில் அவர் தவறியபோது பதின்மூன்று சாரங்களை நான் எண்ணி எடுத்தேன். விலைத்துண்டுகூடக் கழற்றப்படவில்லை.

அப்பாவின் ஓய்வூதியத்திலிருந்து மாதந்தோறும் தசமபாகம் போனது. அதற்கு மேல் ‘விதைக் காணிக்கை’. 2014இல் இரண்டு காப்புகள். பணத்துக்காக நான் அழவில்லை. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால் போராட்டத்தைத் தொடங்கியபோது பக்கத்து வீட்டு அம்மா எங்கள் அம்மாவையும் கூப்பிட்டார். கர்த்தருடைய வார்த்தையைப் பெற்றவர் படத்தை ஏந்திக்கொண்டு தெருவோரத்தில் இருப்பது அவிசுவாசம் என்று சபையில் சொன்னார்கள். அம்மா போகவில்லை. காணாமற்போனவர்களுக்கான சான்றிதழ் கொடுக்க 2016இல் சட்டம் வந்தபோது அதற்கும் கையெழுத்து வைக்க மறுத்துவிட்டார். வருகிறவனுக்கு எதற்குச் சான்றிதழ் என்றார்.

2018இல் நான் பாஸ்டரைத் தனியாகச் சந்தித்தேன். தம்பி உயிரோடு இருக்கிறானா, உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவர் நீண்ட நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “தெரியாது. அந்தத் தாயின் முகத்தைப் பார்த்தேன், வேறு எதைச் சொல்வது?” என்றார். அப்படியானால் வந்து அம்மாவிடம் தெரியாது என்று சொல்லுங்கள் என்றேன். “விசுவாசம் உடைந்துவிடும். உங்களுக்கு அதுதான் வேண்டுமா?” என்று திருப்பிக் கேட்டார்.

நான் வீட்டுக்கு வந்தேன். அம்மா தேத்தண்ணீர் தந்தார். நானும் சொல்லவில்லை. ஆறு வருடங்கள் சொல்லவில்லை.

என் விசுவாசம் அந்தத் தேத்தண்ணீர்க் கோப்பையோடுதான் போனது. பாஸ்டர் என்ன செய்தாரோ அதையே நானும் செய்தேன் என்று விளங்கியது. அதன் பிறகு சின்ன வயதிலிருந்து எனக்குச் சொல்லப்பட்ட ஒவ்வொன்றையும், சொன்னவருக்கே இது தெரியுமா, அல்லது என் முகத்தைப் பார்த்துச் சொன்னாரா என்று கேட்கத் தொடங்கினேன். உங்களிடம் கேட்பதும் இதுதான். இது ஒரு பாஸ்டரின் பிழையா? அல்லது நிறுவனமாக நிற்கிற கிறிஸ்தவம் முழுவதும் இப்படித்தான் நிற்கிறதா?

நெறியாளர்

அந்தச் சபையின் பெயரையோ இடத்தையோ யாரும் ஊகித்து எழுத வேண்டாம்.

எளிய_விசுவாசி

அண்ணா, வாசித்து அழுதேன். ஆனால் உங்கள் அம்மாவுக்கு நடந்ததை வேதமே கண்டிக்கிறது. உபாகமம் 18:22ஐப் பாருங்கள். தீர்க்கதரிசி கர்த்தரின் பெயரால் சொன்னது நடக்காவிட்டால் அது கர்த்தர் சொன்ன வார்த்தை அல்ல, அவனுக்குப் பயப்படவும் வேண்டாம் என்று இருக்கிறது. மேய்ப்பன் பிழை விட்டதற்காக ஆண்டவரை விட்டுவிடாதீர்கள். பழைய திருச்சபைகள் இப்படிச் செய்வதில்லையே.

வேலியோரம்

தம்பி, உங்கள் அன்புக்கு நன்றி. 2012இல் எங்கள் பழைய திருச்சபையின் போதகரிடமும் போனேன். அவர் படித்தவர், நல்லவர், ஒரு சதம் கூடுதலாக வாங்காதவர். இந்தத் தீர்க்கதரிசனம் பொய் என்று நீங்களாவது அம்மாவிடம் வந்து சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். “அம்மாவுக்கு ஆறுதல் கிடைக்கிறது, மற்றச் சபைகளோடு பகை வேண்டாம்” என்றார். நீங்கள் காட்டும் அதே உபாகம வசனம் அவருக்கும் தெரிந்திருக்கும்.

கடைசி_வாங்கு

நான் நேரடியாகச் சொல்கிறேன். என் பாட்டனார் ஞானஸ்நானம் பெற்றதே சாதி தொலையும் என்றுதான். கோயிலுக்குள்ளே எங்களுக்குப் பின் வாங்கு. திருவிருந்துக்கு முழங்காலிடும்போது நாங்கள் கடைசி வரிசை, ஒரே கிண்ணம் என்பதால். எழுதிவைத்த சட்டம் எதுவும் கிடையாது. எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்வதில்லை. என் அப்பாவின் காலத்தில் அந்த வரிசை குலைந்தது. ஆனால் எனக்குக் கலியாணம் பேசியபோது, அதே கோயிலின் மூப்பர் ஒருவர் என்னை வாசலிலேயே வைத்துப் பேசி அனுப்பினார். அன்றைய பிரசங்கம் நல்ல சமாரியன். நான் அதற்குப் பிறகு உள்ளே போகவில்லை. கடவுள் இருக்கிறாரா இல்லையா என்று நான் யோசித்ததுகூட இல்லை. யோசிக்கும் இடத்துக்குப் போக முன்னமே வாசலில் நிறுத்திவிட்டார்கள்.

ஸ்காபரோ_மாமி

இங்கே நான் ஞாயிறு தோறும் போவது தமிழில் பாடுவதற்காக. நம்பிக்கை இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை, நானும் என்னைக் கேட்பதில்லை. தம்பி, நீங்களும் போய் இருந்துவிட்டு வரலாமே.

பெயர்சொல்லாப்_போதகர்

நான் யாழ்ப்பாணத்தில் ஊழியத்தில் இருப்பவன். இந்தத் தளத்தில் இதுவரை வாசித்துவிட்டுப் போயிருக்கிறேன். எழுதுவது இதுவே முதல் தடவை. வேலியோரம் அவர்கள் கேட்ட கேள்விக்கு உள்ளேயிருந்து பதில் சொல்ல வேண்டியவர்களில் நானும் ஒருவன்.

இறையியல் கல்லூரியில் எங்களுக்கு முதல் வருடத்திலேயே சில விடயங்களைப் படிப்பித்தார்கள். மாற்கு சுவிசேஷம் மிகப் பழைய முழுச் சுவடிகளில் 16:8உடன் முடிகிறது. நான்காம் நூற்றாண்டின் சினாய்ச் சுவடி, வத்திக்கான் சுவடி இரண்டிலும் அதற்கு மேல் இல்லை. 9 முதல் 20 வரையுள்ள வசனங்கள் பின்னால் சேர்ந்தவை. விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் கதை, யோவான் 7:53 முதல் 8:11 வரை, அதே பழைய சுவடிகளில் இல்லை. யோசேப்பின் தகப்பன் மத்தேயுவில் யாக்கோபு, லூக்காவில் ஏலி. யூதாஸ் மத்தேயுவில் நான்றுகொண்டு சாகிறான். அப்போஸ்தலர் நடபடிகளில் விழுந்து வயிறு வெடித்துச் சாகிறான். எங்கள் ஆசிரியர்கள் இவற்றில் எதையும் மறைக்கவில்லை. படிப்பித்தார்கள், பரீட்சையிலும் கேட்டார்கள். நான் நல்ல புள்ளி எடுத்தேன்.

மறைத்தது நாங்கள். அங்கி போட்ட நாளிலிருந்து பிரசங்கத்தில் நான் இதைச் சொன்னதில்லை. ஒரே ஒரு தடவை வேதபாட வகுப்பில் மாற்கின் முடிவைப் பற்றிப் பேசினேன். மறு கிழமை இரண்டு மூப்பர்கள் வந்து, “ஐயா, சனங்களைக் குழப்ப வேண்டாம்” என்றார்கள். அன்றோடு விட்டுவிட்டேன். சுகமளிக்கும் கூட்டங்களின் பதாகைகளில் போடுகிறார்களே, வியாதியஸ்தர்மேல் கைகளை வைப்பார்கள், அவர்கள் சொஸ்தமாவார்கள் என்று, அந்த வசனம் மாற்கு 16:18. பின்னால் சேர்ந்த அதே பகுதி. அந்தப் பதாகையைக் கடந்து நான் தினமும் மோட்டார் சைக்கிளில் போகிறேன்.

தசமபாகமும் அப்படித்தான். எல்லோரும் மல்கியா 3:10ஐ வாசிக்கிறோம். உபாகமம் 14:22 முதல் 29 வரை எந்தக் கோயிலிலாவது வாசித்துக் கேட்டீர்களா? விளைச்சலில் பத்தில் ஒன்றைக் குடும்பத்தோடு கர்த்தருடைய சந்நிதியில் சாப்பிட்டு மகிழச் சொல்கிறது. மூன்றாம் வருடத்துப் பங்கை லேவியனும் அந்நியனும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் வந்து உண்ணும்படி வாசலில் வைக்கச் சொல்கிறது. விதவை வாங்க வேண்டிய இடத்தில் இருக்கிறாள். நாங்கள் அவளைக் கொடுக்கிற இடத்தில் நிறுத்தினோம். ஏழை விதவையின் இரண்டு காசைப் பற்றி வருடந்தோறும் பிரசங்கிக்கிறோம், மாற்கு 12:41இல் தொடங்கி. அதற்கு முந்திய வசனத்தில், விதவைகளின் வீடுகளை விழுங்கிவிட்டு நீண்ட செபம் செய்கிற வேதபாரகரை இயேசு கண்டிக்கிறார். அந்த வசனத்தோடு சேர்த்து வாசித்தால் இரண்டு காசுக் கதை காணிக்கைப் பிரசங்கமாக நிற்காது. எனக்கு இது பத்து வருடங்களாகத் தெரியும்.

எனக்கு விசுவாசம் இருக்கிறது. இருந்தும், அண்ணன் கேட்ட கேள்விக்கு ‘ஒரு பாஸ்டரின் பிழை’ என்று என்னால் பதில் எழுத முடியவில்லை.

நவாலியாள்

பிள்ளைகளே, எனக்கு 68 வயது. பேத்திதான் நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள்.

சுவடி, சேர்க்கை எல்லாம் எனக்குத் தெரியாது. 1995 ஜூலை 9ஆம் திகதி நவாலி சென் பீட்டர்ஸ் கோயிலில் இருந்தேன். இடம்பெயர்ந்து வந்த சனம் கோயிலிலும் வளவிலும் நிறைந்திருந்தது. குண்டு விழுந்தது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். என் அக்காவும் அவருடைய இரண்டு பிள்ளைகளும் அதில். கடவுளின் வீட்டுக்குள்ளேயே இப்படி என்றால் கடவுள் எங்கே என்று அன்று நானும் கேட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை. அதே வருடம் ஒக்டோபர் 30இல் இடம்பெயர்ந்து ஊரே எழும்பி மழைக்குள் நடந்தபோது என் செபமாலை மடிக்குள் இருந்தது. அதை உருட்டியதால்தான் நடந்தேன். அது பொய் என்று சொல்லுகிறீர்களா, மகன்? பொய்யென்றால் என்னை எது நடக்க வைத்தது?

வேலியோரம்

அம்மா, உங்கள் செபமாலையைப் பொய் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அந்த மழைக்குள் எங்கள் அம்மாவும் நடந்தார், தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு. நீங்கள் சொன்னதில் ஒன்றை மட்டும் எடுத்துக் காட்டுகிறேன். கடவுள் எங்கே என்று நீங்கள் கேட்டபோது யாரும் பதில் சொல்லவில்லை என்றீர்கள். பதில் இல்லாமலே உங்களை விட்டார்கள். எங்கள் அம்மாவுக்குப் பதில் சொன்னார்கள். எனக்கு அதுதான் ஆறவில்லை.

ஓய்வுபெற்ற_ஆசிரியர்

யாழ்ப்பாணத்துக்கு இந்தக் கேள்வி புதிதில்லை. வரலாறு படிப்பித்தவன் என்ற முறையில் கொஞ்சம் நீட்டிச் சொல்ல அனுமதியுங்கள்.

1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்த பிறகு உத்தியோகத்துக்கும் திருமணப் பதிவுக்கும் முதுசொத்துக்கும் ஞானஸ்நானம் வேண்டும் என்று ஆனது. சனம் பதிவேட்டில் கிறிஸ்தவர்களாகவும் வீட்டில் சைவர்களாகவும் வாழ்ந்தது. ஆங்கிலேயர் வந்து கட்டாயம் நீங்கியதும் அந்தக் கூட்டம் கலைந்தது. பொய் சொன்னது சனம் மட்டுமா? அப்படியொரு பதிவேட்டை வைத்துக்கொண்டு இத்தனை ஆயிரம் ஆத்துமாக்கள் என்று எண்ணிய திருச்சபைக்கு அது தெரியாதா? அதே காலத்தில் தடைசெய்யப்பட்ட கத்தோலிக்கத்தைச் சில்லாலைச் சனம் கைவிடவில்லை. 1687இல் பிச்சைக்காரக் கோலத்தில் வந்த யோசப் வாஸ் அடிகளாரை மறைத்து வைத்துப் பூசை கண்டார்கள். இலாபம் இல்லாத இடத்திலும் விசுவாசம் இருந்தது என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியை அமெரிக்க மிஷன் 1855இல் மூடியது. பையன்கள் ஆங்கிலத்தையும் கணிதத்தையும் எடுத்துக்கொண்டு உத்தியோகத்துக்குப் போனார்கள், ஊழியத்துக்கு வரவில்லை என்பது பெரிய மனக்குறை. கல்வி தந்ததற்கு நாம் நன்றி சொல்கிறோம். நான் எழுதுகிற தமிழ் உரைநடையிலும் அவர்களின் கை இருக்கிறது. மானிப்பாயில் மருத்துவர் கிறீன் தமிழிலேயே மேனாட்டு மருத்துவம் படிப்பித்ததை மறக்க முடியாது. என்றாலும் கல்வி அவர்களுக்குக் கருவியாகத்தான் இருந்தது என்பதை அந்த மூடல் காட்டிவிட்டது.

ஆறுமுக நாவலரை எல்லோருக்கும் தெரியும். வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் படித்து, அங்கேயே படிப்பித்து, பார்சிவல் பாதிரியாரோடு இருந்து 1850இல் வெளிவந்த தமிழ் வேதாகமத்துக்கு உழைத்தவர். 1848இல் விலகி வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். 1854இல் ‘சைவதூஷணபரிகாரம்’ எழுதி, கோயிலும் பலியும் தூபமும் உங்கள் வேதத்திலும் இருக்கின்றனவே என்று அவர்களின் நூலைக்கொண்டே அவர்களை மறுத்தார். கிறிஸ்தவர் சொல்லாமல் விட்ட பக்கங்களை வரி வரியாக வாசித்த ஆள் அவர்.

நான் கவனித்த ஒன்று. எங்கள் ஊரில் ஒருவன் கிறிஸ்தவத்தை விட்டான் என்றால் அடுத்த கேள்வி, சைவத்துக்குத் திரும்பினானா என்பதுதான். ஒரு கரையை விட்டவன் மறு கரையில் ஏறியாக வேண்டும். நடுவில் நிற்பவனுக்கு எங்கள் மொழியில் மரியாதையான ஒரு பெயர்கூட இல்லை. நாத்திகன் என்றால் அது வசை.

வேலியோரம்

ஐயா, அந்தக் கடைசிப் பந்தியைப் பல தடவை வாசித்தேன். எங்கள் பெரியப்பாவின் மகன் சைவமாகி இருபது வருடங்கள். அவருக்கு என் நிலை எப்படியோ தெரிந்துவிட்டது. நல்லூருக்கு வா, இது எங்கள் பழைய வீடு என்கிறார். பாசத்தோடுதான் கூப்பிடுகிறார். நான் வீடு மாறவில்லை, அண்ணா, வெளியில் நிற்கிறேன் என்றேன். அவருக்கு விளங்கவில்லை.

மடுப்பாதை

நான் மன்னார், கத்தோலிக்கன். இழை முழுவதும் வாசித்தேன். ஒன்று சொல்லாமல் போக முடியவில்லை.

2011 ஜனவரியில், போரைப் பற்றி விசாரிக்க அரசாங்கம் அமைத்த நல்லிணக்க ஆணைக்குழு மன்னாருக்கு வந்தபோது எங்கள் ஆயர் இராயப்பு யோசப் ஆண்டகை போய்ச் சாட்சியம் அளித்தார். அரசாங்கத்தின் புள்ளிவிவரங்களையே எடுத்தார். 2008 ஒக்டோபரில் வன்னியில் இருந்தவர்கள் 429,059. அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்கள் 282,380. மிகுதி 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். அந்தக் காலத்தில் அப்படிக் கேட்பதற்கு என்ன துணிவு வேண்டும் என்று இங்கிருப்பவர்களுக்குத் தெரியும். 2006இல் அல்லைப்பிட்டியில் ஜிம் பிறவுண் அடிகளார் காணாமற்போயிருந்தார். 2009 மே 18இல் வட்டுவாகலில், சரணடைந்தவர்களோடு போன பிரான்சிஸ் யோசப் அடிகளார் திரும்பி வரவில்லை. இவர்களும் ‘நிறுவனமாக நிற்கிற கிறிஸ்தவம்’ தான். வேலியோரம், உங்கள் கணக்கில் இவர்களை எங்கே வைப்பீர்கள்?

வேலியோரம்

இதற்குப் பதில் எழுத எனக்கு இரண்டு நாட்கள் தேவைப்பட்டன.

என் தம்பி அந்த 146,679இல் ஒருவன். ஆயர் அவனை உயிரோடு இருக்கிறான் என்று சொல்லவில்லை, செத்துவிட்டான் என்றும் சொல்லவில்லை. அவன் ஒரு ஆள், அவனுக்குக் கணக்குச் சொல்லுங்கள் என்று கேட்டார். அம்மாவுக்கு அந்த எண்ணிக்கையை யாராவது சொல்லியிருந்தால், அவர் கிளிநொச்சிக்கு பஸ் ஏறியிருப்பார் என்று நினைக்கிறேன். மற்றத் தாய்மாரோடு இருந்திருப்பார். அவரை எங்கள் அலுமாரியோடு தனியாக விட்டுவிட்டோம்.

ஆகவே முழுவதும் பொய் என்று நான் தொடக்கத்தில் எழுதவந்ததைத் திருத்திக்கொள்கிறேன். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன சுவாமிமாரும் இருந்திருக்கிறார்கள், அதற்காக உயிரையும் கொடுத்திருக்கிறார்கள். அவர்களுக்கு என் தலை வணங்கும். ஆனால் அவர்களை நினைத்து என் விசுவாசம் திரும்பி வருமா என்றால், வரவில்லை. நேர்மையான மனிதர்கள் இருந்தார்கள் என்பது ஒன்று. அவர்கள் நம்பியது உண்மை என்பது வேறொன்று. முன்பு இரண்டையும் ஒன்றாகவே வைத்திருந்தேன்.

இன்னொரு விடயம். அம்மாவின் ஆண்டு நினைவு அடுத்த மாதம் வருகிறது. வீட்டில் செபக்கூட்டம் வைக்க வேண்டும் என்று சின்னம்மா பிடிவாதமாக நிற்கிறார். மறுத்தால் ஊர் அறியும்; வைத்தால் நான் முன்னால் இருந்து ஆமென் சொல்ல வேண்டும். ஆறு வருடம் சொல்லாமல் இருந்தது போதும் என்று இருக்கிறது. என்ன செய்வது என்று தெரியவில்லை.

நவாலியாள்

கூட்டத்தை வையுங்கள், மகன். தாய்க்குச் செய்ய வேண்டியது. ஆமென் சொல்ல வராவிட்டால் பேசாமல் இருங்கள். வாய் மூடி இருப்பவனை யாரும் கேட்கமாட்டார்கள்.

கடைசி_வாங்கு

அம்மாவுக்கு மரியாதையோடு சொல்கிறேன், பேசாமல் இருந்துதானே அண்ணன் இந்த இடத்துக்கு வந்திருக்கிறார். சின்னம்மாவிடமாவது முதலில் சொல்லுங்கள், அண்ணா.

பெயர்சொல்லாப்_போதகர்

அண்ணன் விரும்பினால் நான் வருகிறேன். என் பெயரைத் தனிமடலில் அனுப்பியிருக்கிறேன். உங்கள் தம்பி எங்கே என்று எனக்குத் தெரியாது என்பதை, உங்கள் சின்னம்மாவுக்கும் வந்திருக்கும் எல்லோருக்கும் முன்னால் சொல்கிறேன். மரித்தவர்களைப் பற்றிப் பெரிய வாக்குறுதிகள் எதுவும் கொடுக்கமாட்டேன். எந்தப் பகுதியை வாசிக்க வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.

வேலியோரம்

ஐயா, தனிமடல் கிடைத்தது. நேற்று இரவு சின்னம்மாவிடம் சொல்லிவிட்டேன், விசுவாசம் இல்லை என்பதையும், 2018இல் பாஸ்டர் சொன்னதையும். அழுதார். என்னைத் திட்டவில்லை. அக்காவுக்கு உள்ளுக்குள் தெரிந்திருக்கும், அதனால்தான் ஒவ்வொரு வருடமும் அதே அளவில் சேட்டு வாங்கினார், வயது ஏற ஏற உடம்பு வைக்கும் என்று நினைத்து அளவைக் கூட்டவில்லையே என்றார். நான் இதைக் கவனித்ததே இல்லை. காலையில் அலுமாரியைத் திறந்து பார்த்தேன். பதின்மூன்று சேட்டும் ஒரே அளவு.

நீங்கள் வாருங்கள். மாற்கு 16ஐ முதலாம் வசனத்திலிருந்து வாசியுங்கள். அந்தப் பெண்கள் கல்லறைக்குப் போகிறார்கள், உடல் அங்கே இல்லை, நடுங்கிக்கொண்டு ஓடுகிறார்கள், பயத்தில் ஒருவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. எட்டாம் வசனத்தோடு நிறுத்திவிடுங்கள். ஏன் நிறுத்தினீர்கள் என்று யாராவது கேட்டால், கல்லூரியில் படித்ததைச் சொல்லுங்கள்.

அது வரைக்கும் நான் முன் வரிசையில் இருப்பேன். சனிக்கிழமை பின்னேரம் நான்கு மணி. கடைசி வாங்கு தம்பியும் வர விரும்பினால் எனக்கு எழுதுங்கள்; எங்கள் வீட்டில் கதிரைகள்தான், வரிசை இல்லை.